நானூறு மில்லிமீட்டரில் ஒரு கருடன்

கிழக்கே கடல். மேற்கே சவுக்குத் தோப்பு. நடுவே மணலில் ஒரு மூன்றுகால் ஸ்டாண்டு. ஸ்டாண்டின் மேல் கேமரா. கேமராவின் முகத்தில், அதைவிட நீளமாக, ஒரு கறுப்புக் குழாய். குழாய்க்குப் பின்னால் குனிந்தபடி எங்கள் வீட்டுக்காரர்.

தை மாதத்துக் காலை. பனி விலகிவிட்டது, வெயில் இன்னும் சுடவில்லை. காற்றில் கருவாட்டு வாசனை. நான் சற்றுத் தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவை வருவதைச் சொல்வது என் வேலை. படம் எடுப்பது அவர் வேலை.

"வருதுங்க!" என்றேன்.

வந்தது. கடல் பக்கமிருந்து, இறக்கையை அசைக்காமல், நேராக எங்களை நோக்கி வந்தது. மணலின் வெளிச்சம் பட்டு வயிறு வெள்ளையாகத் தெரிந்தது. இதைவிட நல்ல வாய்ப்பை எந்தப் பறவையும் எந்தப் புகைப்படக்காரருக்கும் தந்திருக்காது.

எங்கள் வீட்டுக்காரர் கேமராவிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். கண்களை மூடிக்கொண்டார். கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.

பறவை தோப்புக்குள் போய்விட்டது.

"என்னங்க இது?"

"கருடன்," என்றார். "பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா?"

அது கருடன் இல்லை என்று நிரூபிக்கத்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம்.

புளியோதரையில் விழுந்த மீன்

சென்ற இதழில் என் நாத்தனாரைப் பற்றி எழுதியதற்கு வீட்டுக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு வந்தது. ஆகவே இந்த வாரம் பறவைகளைப் பற்றி எழுதுகிறேன். அவை ஆட்சேபம் தெரிவிப்பதில்லை.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பறவைகளில் எனக்கு ஆசை வந்தது வேடந்தாங்கலில். படாளத்தில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் போய், ஏரிக்கரையில் நின்றபோது மரங்கள் முழுக்க நாரைகளும் கொக்குகளும் ஒரே கூச்சலாக இருந்தன. என்னுடைய ஒன்பதாம் வகுப்பைவிட அதிகச் சத்தம். ஆனால் அங்கே யாரும் என்னை அடக்கச் சொல்லவில்லை. அந்த நிம்மதியில் நான் ஒவ்வொன்றாகப் பெயர் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன், அது பழக்கமாகிவிட்டது.

அடுத்த வருஷம் மாணவிகளை மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போனோம். ரதங்களைப் பார்த்துவிட்டு, வடக்கே நெம்மேலிப் பக்கம் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். ஒரு பெண்ணின் புளியோதரையில் மேலேயிருந்து அரை மீன் விழுந்தது.

அந்தப் பெண் சைவம். பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். மற்றவர்கள் எதற்கென்று கேட்காமல் பின்னாலேயே ஓடினார்கள். நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன்.

உயரமான ஒரு மரத்தின் உச்சியில், ஒரு கட்டிலை வைத்த அளவுக்குச் சுள்ளிகளால் கட்டிய கூடு. அதன் விளிம்பில் ஒரு பெரிய பறவை. தலையும் மார்பும் வயிறும் வெள்ளை, முதுகு சாம்பல். அது எழுந்து பறந்தபோது வாலைப் பார்த்தேன். ஆப்பு மாதிரி நடுவில் நீண்டிருந்தது.

கடற்கழுகு! புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். எங்கள் கரையில் அது கூடு கட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை. சொல்லிக்கொள்ளத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. எல்லாரும் ஓடிப்போயிருந்தார்கள்.

தவளையின் இதயம்

சில வாரங்கள் கழித்து சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் பள்ளிக்குப் பேச வந்தார். கடற்கரைப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார், அது அச்சுக்குப் போகும் தறுவாயில் இருந்தது. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்து என் கூட்டைப் பற்றிச் சொன்னேன்.

பேராசிரியர் மிகவும் அன்பாகச் சிரித்தார்.

"அது கருடன் அம்மா."

"கருடனுக்கு அடிவயிறு செம்பழுப்பு சார். இதுக்கு முழுக்க வெள்ளை. வாலும் வேற மாதிரி."

"பக்தியோட அண்ணாந்து பார்த்தா எல்லாமே கொஞ்சம் பெரிசாவும் கொஞ்சம் வெள்ளையாவும்தான் தெரியும்," என்றார். மண்டபமே சிரித்தது. "ஒரு படம் கொண்டு வாங்க. வயிறும் வாலும் தெரியணும். பங்குனிக்குள்ள கொண்டு வந்தா புத்தகத்துல சேர்த்துடறேன்."

எனக்குப் பக்தி என்று பெரிதாக எதுவும் கிடையாது. பிரதோஷமா ஏகாதசியா என்று காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். என்னைப் போய் அவர் இப்படிச் சொன்னார்!

மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் நான் 'கருடாழ்வார்' ஆனேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரம் பாடம் நடத்தும்போது முதல் வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். நன்றாகப் படிக்கிற பெண், குறும்புக்காரி இல்லை.

"டீச்சர், தவளைக்கு இதயத்துல மூணு அறைன்னு சொன்னீங்களே. அது நிச்சயமா டீச்சர்?"

அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் சொல்வதை இனிமேல் நம்பலாமா வேண்டாமா என்பதுதான் அவள் கேள்வி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரரிடம், ஒரு பறவையைப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்னேன்.

தோளில் காய்ப்பு

அவருக்குக் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ. படத்தில் இருப்பவர்கள் அவர் 'சிரிங்க' என்று சொன்னால் கேட்கும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் தொழிலின் அடிப்படை.

அவர் குடும்பம் பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்கும் குடும்பம். கருட சேவை அன்று வாகனத்தின் முன் தண்டு அவர்களுடையது. அவர் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அவருக்கும் வலது தோளில் ஒரே இடத்தில் காய்ப்பு இருக்கும். நிச்சயதார்த்தத்தின்போது மாப்பிள்ளைக்குத் தோளில் கட்டியோ என்று எங்கள் வீட்டில் பயந்து, டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள்.

ஆக, கருடனைத் தோளில் சுமந்த மனிதரிடம், கருடனைப் போலிருக்கும் ஒன்றைக் கருடன் இல்லை என்று காட்டச் சொல்லி நான் கேட்டிருந்தேன். அதில் உள்ள சிக்கல் எனக்கு அப்போது உறைக்கவில்லை. லென்ஸ் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குழாய்கள்

மவுண்ட் ரோடில் அவர் வழக்கமாக பிலிமும் பேப்பரும் வாங்குகிற கடை ஒன்று. ஊருக்குத் திரும்பும் ஒரு துரை தன் சாமான்களை அங்கே விற்கக் கொடுத்திருந்தார். அதில் தூரத்துப் பொருளைக் கிட்டே காட்டும் லென்ஸ்கள் இரண்டு.

சின்னது நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கியது. பெரியது நானூறு. கிட்டத்தட்ட ஒரு முழம். தூக்கிப் பார்த்தால் குழவிக்கல் கனம்.

"துரை மொதல்ல துப்பாக்கி வச்சிகினு இருந்தாரு," என்றார் கடைக்காரர். "அப்புறம் மனசு மாறி இத்த வாங்கினாரு. கனத்துல ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல."

கடை வாசலில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எங்கள் கேமராவில் மேலேயிருந்து குனிந்து ஒரு கண்ணாடித் தகட்டில் பார்க்கவேண்டும். அதில் எல்லாம் இடவலமாக மாறித் தெரியும். சின்ன லென்ஸில் எதிர்ச்சாரியில் நின்ற போலீஸ்காரர் நன்றாகத் தெரிந்தார். பெரிய லென்ஸில் அவர் மூக்கில் இருந்த வேர்வை தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சின்னது பிடித்துவிட்டது. காரணங்களை அடுக்கினார். வெளிச்சம் அதிகம் உள்ளே வரும், மண்டபத்துக்குள்ளும் எடுக்கலாம். கையிலேயே பிடிக்கலாம், ஸ்டாண்டு வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் மாமன்மார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, தூரத்து நாற்காலியில் ஏறி நின்றே பெண்ணின் முகத்தை எடுத்துவிடலாம்.

"பறவை?" என்றேன்.

"பறவையும் எடுக்கலாம். சின்னதா விழும். இருட்டறையில பெரிசு பண்ணிக்கலாம்."

விலையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கள் இருவருக்குள் முடிந்துபோன விஷயம், முடிவதற்கு ஏழெட்டு வருஷம் ஆனாலும்.

கடைக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டயும் எடுத்துகினு போங்க. துரை கப்பல் ஏறதுக்குள்ள ஒண்ணு திரும்பி வரணும். ரெண்டும் வந்தாலும் சரி. ரெண்டுமே வராம இருக்கக் கூடாது."

ரவை

முதலில் கொளவாய் ஏரியில் பரீட்சை செய்தோம். கரைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் நீர்க்காகம் ஒன்று இறக்கையைக் காயவைத்துக்கொண்டு நின்றது. பொறுமையான பறவை. இரண்டு லென்ஸிலும் எடுத்தோம்.

சின்ன லென்ஸில் எல்லாப் படமும் பளிச்சென்று வந்தது. ஏரி, மலை, ரயில் பாதை, கம்பம், கம்பத்தின் மேல் ஓர் எள். அந்த எள்ளை இருட்டறையில் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்கப் பறவை வரவில்லை, ரவைதான் வந்தது. பிலிமின் பொடியெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. கண் எங்கே, அலகு எங்கே என்று என்னால் சொல்லமுடியவில்லை, நேரில் பார்த்தவள் நான்.

பெரிய லென்ஸில் முக்கால்வாசிப் படங்கள் வீண். மூச்சு விட்டால் ஆடியது. காற்று வந்தால் ஆடியது. குவியம் ஒரு மயிரிழை தப்பினால் எல்லாம் பஞ்சாகிவிட்டது. ஆனால் ஆடாமல் வந்த ஒன்றிரண்டில் நீர்க்காகத்தின் நனைந்த இறகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அது எங்களை எவ்வளவு வெறுப்பாகப் பார்த்தது என்பதுகூடத் தெரிந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் பிலிம் கறுப்பு வெள்ளை.

"இந்த பிலிம்ல உன் கழுகோட சாம்பலும் ஒரே கறுப்பு, கருடனோட செம்பழுப்பும் ஒரே கறுப்பு," என்றார். "அப்புறம் எத்த வச்சு வித்தியாசம் காட்டறது?"

"வயிறு. வால்."

"பறக்கும்போது?"

"பறக்கும்போதுதான் தெரியும்."

அவர் பெரிய லென்ஸை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். சின்னதையும் வைத்தார். ஒன்றைப் பரீட்சையில் தேறவில்லை என்று வீட்டில் விட்டுவிட்டு வருகிற மனிதர் இல்லை அவர்.

பறவைக்குப் பட்டா

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்குப் பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும். மலை மேல் தினமும் உச்சிவேளையில் குருக்கள் பிரசாதத்தை நீட்ட, இரண்டு பறவைகள் வந்து தின்றுவிட்டுப் போகும். ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து பார்ப்பார்கள். அந்தப் பறவைகளுக்கு நானூறு மில்லிமீட்டர் தேவையில்லை. சர்க்கரைப் பொங்கல் போதும். எங்கள் பறவைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லாததால் நாங்கள் நேராகக் கடற்கரைக்குப் போனோம்.

ஸ்டாண்டை நிறுத்திக் குழாயை மாட்டியதும் தோப்புக் காவல்காரர் ஏகாம்பரம் வந்துவிட்டார். நடுவயசுக்காரர். தலையில் முண்டாசு, கையில் சவுக்குக் கழி, முகத்தில் கலக்கம்.

"இன்னா சார், தோப்ப அளக்க வந்துகிறீங்களா?"

"இல்லப்பா. பறவைக்காக வந்தோம்."

"பறவைக்கு இன்னாத்துக்கு சார் பட்டா?"

சர்வே இல்லை, படம்தான் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பிக்கை வருவதற்காக அவரையே உள்ளே பார்க்கச் சொன்னார் எங்கள் வீட்டுக்காரர். ஏகாம்பரம் குனிந்து கடலைப் பார்த்தார். நிமிர்ந்து கடலைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"கட்டுமரம் தெக்கால போவுது. இதுல பாத்தா வடக்கால போவுது," என்றார். "இத்த வச்சிகினு நீங்க எத்தயும் அளக்க முடியாது. எடுத்துக்கோங்க."

அனுமதி கிடைத்துவிட்டது. அப்புறம்தான் பறவை வந்ததும், எங்கள் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டதும். ஏகாம்பரமும் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டார்.

ஒரு கும்பிடு வேஸ்ட்

அன்றைக்கு அது மறுபடியும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அதேதான் நடந்தது. ஏதோ ஒரு முறை, கை எழுவதற்கு முன் விரல் பொத்தானில் பட்டு, ஆகாயத்தை அழகாக எடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். போகும்போது பஸ்ஸிலேயே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பறவை வந்தது. கை எழுந்தது. வாக்கு பஸ்ஸோடு போய்விட்டிருந்தது.

"நான் வேணும்னு பண்ணல கோமளா," என்றார். "கை அதுவா போவுது."

"அது கருடன் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீ சொல்ற. சரி. ஆனா வரும்போது வெள்ளத் தலை, வெள்ள மாரு. எனக்கு அவராத்தான் தெரியறாரு." கொஞ்சம் யோசித்தார். "இத பாரு. கருடன் இல்லாதத கும்பிட்டா ஒரு கும்பிடு வேஸ்ட். அவ்ளோதான். நெஜமா கருடனா இருந்து, கும்பிடாம நான் குழாய நீட்டிகினு நின்னா? எங்கப்பா சாகற வரைக்கும் தோள்ல சுமந்தாரு."

இது விலங்கியல் பாடத்தில் இல்லாத கேள்வி.

சரி, நானே எடுக்கிறேன் என்று முயன்றேன். ஸ்டாண்டு அவர் உயரத்துக்கு நின்றது. தகட்டில் பறவை வலது பக்கம் போனால் நான் குழாயை வலது பக்கம் திருப்பினேன், பறவை மறைந்துவிட்டது. இடது பக்கம் திருப்பவேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்துக் குவியம் பார்த்து, பிறகு வளையத்தைத் திருப்பிச் சிறிதாக்கி, பிறகு அழுத்தவேண்டும். நான் அழுத்தியபோது சவுக்குக் கிளைகள் மிகத் துல்லியமாக விழுந்தன. இது பல வருஷம் கை பழகியவர் வேலை. அந்தக் கை கன்னத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கோபம் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. அவர் கை மேலே எழும் ஒவ்வொரு முறையும் பேராசிரியர் பக்கம் ஒரு ஓட்டு விழுந்தது. பள்ளி சிரித்தது, போகட்டும். ஒரே வீட்டில் இருப்பவரும் என் கண்ணை நம்பவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

பாம்போடு

கடைசியாக ஒரு நாள் மிச்சமிருந்தது. துரையின் கப்பல் தேதி வந்துவிட்டது, மறுநாள் ஒரு லென்ஸாவது கடையில் இருக்கவேண்டும்.

அன்றைக்குக் கரையில் கூட்டம். வலை உலர்த்துகிறவர்கள், மீன் பிரிக்கிற பெண்கள், ஏகாம்பரம், ஏகாம்பரம் அழைத்துவந்திருந்த மச்சான். அளக்க முடியாத குழாயை மச்சானுக்குக் காட்டவேண்டும் என்று அழைத்துவந்திருந்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குனிந்தபடியே இருந்தார். நான் இந்த முறை வாக்குக் கேட்கவில்லை.

கடலுக்கு மேலே புள்ளியாகத் தெரிந்தது. வழக்கத்தைவிடத் தாழ்வாக, வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. காலில் ஏதோ தொங்கியது, நீளமாக, நெளிந்துகொண்டு.

கடற்பாம்பு.

கடற்கழுகுக்குக் கடற்பாம்பு பிடிக்கும். புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கரையில் நின்றிருந்தவர்கள் கண்ட காட்சி புத்தகத்தில் இல்லாதது. வெள்ளை மார்போடு, பாம்பைக் காலில் பற்றிக்கொண்டு, சூரியனிலிருந்து இறங்கி வருகிறது! கோயில் சுவரில் எழுதியிருக்கிற அதே கோலம்.

"பெருமாளே!" என்று ஏகாம்பரம் மணலில் விழுந்தார். மச்சான் விழுந்தார். மீன் பிரித்த பெண்கள் செதிள் ஒட்டிய கையோடு எழுந்து கும்பிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரரின் கைகள் கேமராவை விட்டுக் கிளம்பின. மார்பு வரை வந்தன. அங்கே நின்றன.

அவர் பறவையைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கோமளா. ஒரே வார்த்த. கருடனா, இல்லியா?"

நேராக வெயிலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையும் கறுப்பும்தான் தெரிந்தன. பாம்பு வயிற்றை மறைத்துக்கொண்டு ஆடியது. வால் தெரியவில்லை. பக்தியோடு பார்த்தால் பெரிதாகத் தெரியும் என்ற பேச்சு காதுக்குள் கேட்டது. நான் தப்பாகச் சொன்னால், கருடனைச் சுமந்த குடும்பத்தில் கருடனுக்கு முன்னால் கும்பிடாமல் நின்றவராக இவர் இருப்பார். என் பேச்சைக் கேட்டு இருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. என் கைகளே கொஞ்சம் மேலே வந்திருந்தன, அதையும் சொல்லிவிடவேண்டும்.

"இல்லைங்க," என்றேன்.

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. குனிந்தார். இடது கை வளையத்தைத் திருப்பியது. பறவை எங்கள் தலைக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தோப்பை நோக்கித் திரும்பியது. அப்போதுதான் வால் விரிந்தது. 'டக்' என்று சத்தம் கேட்டது.

ஏகாம்பரம் எழுந்தார். நெற்றியெல்லாம் மணல்.

"இன்னா சார், பாம்போட வந்தவர கும்பிடாம உட்டியே! நல்லதா இது?"

எங்கள் வீட்டுக்காரர் பிலிமைச் சுற்றினார். பொத்தானை அழுத்திய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார், அதில் எதுவும் இல்லை என்றாலும்.

வெட்டுப்பட்ட இறக்கை

இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே தட்டில் அந்தப் படம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலில் பாம்பு. பிறகு இறக்கையின் கறுப்பு விளிம்பு. பிறகு வயிறு, காலடி வரைக்கும் ஒரு பொட்டு கறுப்பு இல்லாத வெள்ளை. கடைசியாக வால். ஆப்பேதான்.

நான் அந்தச் சின்ன அறையில் குதித்ததில் மருந்து பாட்டில் ஒன்று விழுந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. பறவை அவ்வளவு கிட்டே வந்ததில் நானூறு மில்லிமீட்டர் அதிகமாகிவிட்டது. இரண்டு இறக்கை நுனிகளும் படத்துக்கு வெளியே போயிருந்தன.

"கையில்லாத மாப்பிள்ள மாதிரி இருக்குது," என்றார். "இப்படி ஒரு கல்யாணப் படம் குடுத்தா அடிக்க வருவாங்க."

மறுநாள் சென்னைக்குப் போய்ச் சின்ன லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் அவர் அதைக் கையில் வைத்து இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பெரியது எங்களோடு நின்றுவிட்டது. பின்னால் கல்யாணங்களில் அதை உபயோகிக்கத்தான் செய்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தால்தான் முழு முகம் விழும். பந்தியில் கடைசி வரிசைக்காரர்கள் பாயசத்துக்காகக் காத்திருக்கும் முகங்கள் அவ்வளவு தத்ரூபமாக வேறு எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது. யாரும் பணம் கொடுத்து வாங்காத படங்கள் அவை.

கடையிலிருந்து நேராக மயிலாப்பூரில் பேராசிரியர் வீட்டுக்குப் போனோம். கூடத்து மேஜை முழுக்க அச்சகத்திலிருந்து வந்த தாள்கள். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வயிற்றைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். மறுபடி வயிறு.

"கடற்கழுகு," என்றார். பிறகு எங்கள் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். என்ன லென்ஸ், என்ன வேகம், ஸ்டாண்டு உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்ல கண்ணு சார் உங்களுக்கு," என்றார் பேராசிரியர். "மேல பறக்கும்போதே கருடன் இல்லைன்னு கண்டுபிடிச்சு எடுத்திருக்கீங்க."

எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எனக்கு இன்னிக்கும் அது கருடனாத்தான் சார் தெரியுது," என்றார். "இவங்க இல்லைன்னாங்க. அதனால கும்பிடாம எடுத்தேன்."

பேராசிரியர் அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அச்சுத் தாள்களைப் புரட்டி, ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, கடற்கழுகு இந்தக் கரையில் கூடு கட்டுவதில்லை என்ற வரியை அடித்தார். பேனாவை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இனிஷியல் என்னம்மா?"